மருந்தின் நான்காங் கூறு

மருத்துவம் என்பது ஒருவர் கையில் அடங்குவதொன்றன்று. நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து இயற்றுவான் என்னும் நான்கும் ஒருங்கு கூடியவழியே அது மருத்துவமாம் எனத் திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக்கண் வகுத்துரைத்தார். இந்நான்கனுள் முன்னைய மூன்றும் எவரும் எளிதில் உணர்வன. நான்காமவனாகிய உழைச்செல்வானை ஏனை மூவரோடும் ஒப்ப வைத்து எண்ணியது என்னையோ எனின், அதன் விடை ஏட்டளவிற் கற்பார்க்கு ஒருவாறும், நோயுடையார் அருகிலிருந்து காண்பார்க்கு மற்றொருவாறும் புலப்படும். கடந்த கோடை விடுமுறையில் அவ்விரண்டாவது வகையால் அதனைக் காணும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. அதனை நம் கல்லூரி அன்பர்கட்கு உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்தையாரின் தமக்கையார், எம் அத்தையார், முப்பதாண்டுகட்கு மேல் இங்கிலாந்து நாட்டில் செவிலியாகப் பணி செய்து ஓய்வு பெற்றவர். அவர்தம் இடுப்பினும் முதுகினும் தொடையினும் செம்மை படர்ந்த சில திட்டுக்கள் பல்லாண்டுகட்கு முன்னர்த் தோன்றின. மெல்லிய செதில் உதிரும், சிறிது அரிக்கும், சின்னாள் மங்கி மீண்டுந் தலைகாட்டும். கரப்பான் என்று கருதிக் களிம்புகள் பல தரப்பட்டன. ஊருக்கு வந்தபோது கண்ட உறவினர் படர்தாமரை என்று துணிந்து சீமையகத்தி இலையை அரைத்துப் பூசச் சொன்னதும் உண்டு. திட்டுக்களோ ஒன்றற்கும் அசையவில்லை. ஈற்றில், தோலிற் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியாற் சோதித்தனர். ஒருமுறை சோதித்துத் தெளிவு பிறவாமையின் மறுமுறையும் சோதித்தனர். அதன் பின்னரே, அது தோலிற் றோன்றும் லிம்போமா என்னும் புற்றுநோயின் தொடக்கநிலை என்பது விளங்கிற்று.

லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தைச் சார்ந்த வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதால் வரும் புற்று. பெரும்பான்மையும் அது கழுத்து, அக்குள் முதலிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களிற் பிறக்கும். அத்தையார்க்கு நேர்ந்த வகையிலோ, டி லிம்போசைட்டுகள் எனப்படும் அணுக்கள் தோலின்கண் வந்து தங்கி ஆண்டே பெருகும். இவ்வணுக்கள் நோய்க்கிருமிகளோடு போர் புரிதற்கென நம் உடலில் அமைந்த காவலாளர். காவலாளரே கலகஞ் செய்வார்போல் இவை நெறி பிறழ்தலே இந்நோயாகும். முதலிற் றிட்டும், பின்னர்த் தடிப்பும், அதன்பின் சிலர்க்குக் கட்டியுமாக இது வளரும். எனினும், யாவர்க்கும் வளரும் என்பதில்லை. உடற்பரப்பிற் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாகத் திட்டுக்கள் உள்ளோர் பெரும்பாலும் ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழ்வர் என்று மருத்துவர் கண்டுள்ளனர். அப்பரப்பை அளக்குங் கோல் யாதெனின், நோயாளியின் கையேயாம். விரல்களொடு சேர்ந்த ஓர் உள்ளங்கையின் பரப்பு உடற்பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கென்பது கணக்கு. அத்தையாரின் திட்டுக்கள் எல்லாஞ் சேர்ந்து அவர் கையால் ஏழு கையளவு இருந்தன.

இந்நோயின் பெயர் தமிழ் பயில்வார்க்குச் சுவையுடையதொன்று. பாரிசு நகரத்துச் சேன் லூயி மருத்துவமனையில் விளங்கிய அலிபேர் என்னும் மருத்துவர் 1806-ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விவரித்தார். முற்றிய நோயாளியின் கட்டிகள் காளான்போற் றோன்றினமையின், பின்னர் 1832-இல் 'மைக்கோசிஸ் பங்காயிடிஸ்' எனப் பெயரிட்டார். காளான் போன்றது என்பது அதன் பொருள். காளானுக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை, பூஞ்சையால் விளைவதும் அன்று, தொற்றுவதும் அன்று. காரணப்பெயர் எனக் கருதி இடப்பட்டது, காரணம் பொய்யாகிப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஏறக்குறைய இரு நூற்றாண்டாகியும் அப்பெயர் மாறவில்லை.

பெயர் பொய்த்த இந்நோய்க்கு வாய்த்த மருந்தும் பெயர் பொய்த்த குடியிற் பிறந்ததே. அவ்வரலாறு நோயினும் வியப்புடையது.

முதல் உலகப் பெரும்போரில், 1917-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12-ஆம் நாள் இரவு, பெல்சிய நாட்டு ஈப்பர் நகரின் அருகே செருமானியப் படை புதியதொரு நஞ்சைக் குண்டுகளில் அடைத்து எறிந்தது. கடுகின் நாற்றம் போன்றதொரு நாற்றம் உடைமையின் அதனைக் 'கடுகு வாயு' என்றனர். அதிற் கடுகும் இல்லை. அது வாயுவும் அன்று, எண்ணெய் போன்ற நீர்மம். பட்ட தோல் கொப்புளித்தது, கண் மறைந்தது, மூச்சுக்குழல் வெந்தது. போர் முடிந்தபின் 1919-இல், அந்நஞ்சுண்டாரை ஆராய்ந்த மருத்துவர், அவர்தங் குருதியில் வெள்ளணுக்கள் பெரிதுங் குறைந்திருந்தமையை எழுதி வைத்தனர். அக்குறிப்பு இருபதாண்டுகட்கு மேலாகப் பெரிதும் பொருட்படுத்தப்படாது கிடந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் இருவர், அந்நஞ்சின் கந்தக அணுவை நீக்கி நைட்ரஜன் அணுவை அமைத்த 'நைட்ரஜன் மஸ்டர்டு' என்னும் பொருளை ஆராய்ந்தனர். வெள்ளணுக்களை அழிப்பதாயின், வெள்ளணுக்கள் மிகையாகப் பெருகும் புற்றையும் அஃது அழிக்குமன்றோ என்பது அவர்தம் எண்ணம். முதலில் எலிகளிடத்துச் சோதித்தனர். பின்னர் 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கழுத்தினும் மார்பினும் கட்டிகள் திரண்டு மூச்சுவிடவும் இயலாதிருந்த ஒரு நோயாளிக்கு அதனை ஊசிவழிச் செலுத்தினர். கட்டிகள் சின்னாளிற் கரைந்தன; ஆனால் மீண்டும் எழுந்தன; அவ்வாண்டிறுதிக்குள் அவர் இறந்தார். போர் இரகசியமாகையால் இம்முயற்சி 1946-ஆம் ஆண்டுவரை உலகுக்கு வெளியிடப்படவில்லை. இன்று கீமோதெரபி எனப்படும் புற்றுநோய் மருந்து முறையின் தொடக்கம் இதுவே என்பர். மக்களைக் கொல்லுதற்கு ஆய்ந்த அறிவினின்றே மக்களைக் காக்கும் வழியும் பிறந்தது. அதனால் அக்கொலை நன்றாயிற்று என்று எவரும் கூறார்.

நிற்க. இந்நஞ்சு செய்யும் தொழில் யாதெனின், உயிரணுவின் நடுவண் உள்ள டி.என்.ஏ. என்னும் ஈரிழைக் கயிற்றின் இரண்டிழைகளையும் ஒன்றோடொன்று பிணித்துவிடுதலாம். இழைகள் பிரிந்தாலன்றி அணு இரண்டாகப் பகுபடாது. பகுபட மாட்டாத அணு மாயும். விரைந்து பெருகும் அணுக்கள் முன்னர் மாயும். குருதியிற் செலுத்தின், புற்றணுக்களோடு எலும்புச் சோற்றின் நல்லணுக்களும் மயிர்க்காலின் அணுக்களும் குடலின் அணுக்களும் கேடுறும். புற்று தோலின் மேற்பரப்பிலேயே தங்கியிருக்குமாயின், உடல் முழுதும் நஞ்சைப் பரப்புதல் எற்றுக்கு? நோயுள்ள இடத்திலேயே பூசினால் என்னை? இவ்வினாவே பூச்சு மருந்தின் தோற்றுவாய். ஹேசரிக் முதலிய அமெரிக்க மருத்துவர் 1959-ஆம் ஆண்டில் இவ்வாறு பூசிக் கண்ட பயனை வெளியிட்டனர்.

சிறுகப் பூசுவதினும் பெருகச் செலுத்துவது மேலன்றோ என்று வினவுவார் உளராவர். அவர்க்கு விடை 1989-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிற் கிடைக்கும். அமெரிக்க நாட்டில் 103 நோயாளரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினர்க்குக் கடுமையான கீமோதெரபியும் உடல் முழுதும் எலக்ட்ரான் கதிரும் ஒருங்கு தந்தனர். மறு பகுதியினர்க்குப் பூச்சு மருந்து முதலாய மெல்லிய சிகிச்சையைப் படிப்படியாகத் தந்தனர். முன்னையோரில் நூற்றுக்கு 38 பேர்க்கும் பின்னையோரில் நூற்றுக்கு 18 பேர்க்கும் நோய்க்குறி முற்றும் மறைந்தது. ஆயின் ஆண்டுகள் சென்று பார்த்தவிடத்து, இரு பகுதியினரும் உயிர் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. கடுஞ்சிகிச்சை பெற்றார் பட்ட துன்பமே மிகுதி. அமிழ்தும் அளவிறந்தால் நஞ்சாம் என்பது நம் நாட்டார் கூற்று. நஞ்சும் அளவறிந்து இடமறிந்து இட்டால் மருந்தாம் என்பதை இவ்வாராய்ச்சி உடன் வைத்துக் காட்டுகின்றது.

பூச்சு மருந்திலும் இடர் இல்லாமல் இல்லை. நைட்ரஜன் மஸ்டர்டு நீரிற் கரைத்த சிறுபொழுதிற் சிதைந்து வலியிழக்கும். ஆகலின் முற்காலத்து நோயாளர் நாள்தோறும் தம் வீட்டில் அதனை நீரிற் கரைத்து உடனே உடலிற் பூசிக்கொண்டனர். பின்னர் மருந்தாளர் அதனைக் களிம்பாகக் குழைத்துக் கொடுத்தனர். நீர் கலவாத ஜெல் ஒன்று அமைக்கப்பெற்று, 2013-இல் அமெரிக்க நாட்டிலும் 2017-இல் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. நூறு பங்கில் 0.016 பங்கே அதிலுள்ள நஞ்சு. 260 நோயாளரிடத்து ஓராண்டளவு சோதித்ததில், ஜெல் பூசினாருள் நூற்றுக்கு 58 பேர்க்கு மேல் நோய் பாதிக்கு மேல் தணிந்தது. அவர்தங் குருதியில் மருந்து காணப்படவில்லை. தோல் எரிச்சலே பெருந்தொல்லையாய் இருந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் இதனை வழங்கலாம் என 2021-இல் பரிந்துரை செய்யப்பட்டது. புறஊதாக் கதிர்ச் சிகிச்சையாற் சிறிது பயன் பெற்ற எம் அத்தையார்க்கு இதன் பின்னரே இந்த ஜெல் கிடைத்தது.

இனி எம் இல்லத்து நிகழ்ந்தவற்றிற்கு வருவோம். அத்தையார் ஆறு வாரம் எம்மோடு தங்க வந்தனர். மருந்துக் குழல் பனிக்கட்டிப் பொதியினுள் வந்தது. வந்தவுடன் அதனைக் குழந்தைகள் திறக்கலாகாத பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியில், உணவுப் பொருளுக்கு விலக்கி வைத்தனர். குளிர்ப்பெட்டியில் வைத்தபின் அறுபது நாளைக்கே அது பயன்படும். வெளியிலெடுத்தால் அரைமணிப் பொழுதிற்குள் பூசிவிடல் வேண்டும். குளித்து அரைமணி கழித்து, ஈரம் புலர்ந்த தோலில் மெல்லியதாகப் பூசி, ஐந்து முதற் பத்து நிமிடம் உலரவிட்ட பின்னரே ஆடை உடுத்தல் வேண்டும். பிறர் பூசுவதாயின் நைட்ரைல் கையுறை இன்றியமையாதது. கருவுற்ற மகளிர் அதனைத் தொடலாகாது. ஆகவே எம் அண்ணியாரை அவ்வேளையில் அவ்வறைக்குள் விடோம். சாராயம் கலந்ததாதலின் உலருமுன் எளிதில் தீப்பற்றும். ஒரு மாலை மின்சாரம் நின்றபோது அன்னையார் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வர, அத்தையார் வாயிலிலேயே நிறுத்திவிட்டனர்.

தொடையினும் இடுப்பினும் அவரே பூசிக்கொள்வர். முதுகு அவர்க்கு எட்டாது. எம் ஆச்சி, அத்தையாரைப் பெற்றவர், எண்பத்து மூன்று வயதினர், தாமே பூசுவேன் என்று முன்வந்தனர். கையுறையை நீட்டியபோது, "என் பிள்ளையின் முதுகைத் தொட எனக்கு உறை எதற்கு?" என்று அதனை ஒதுக்கினர். அவர்க்குக் கண்பார்வையும் மங்கல். திட்டு எது, நல்ல தோல் எது என்று பிரித்தறிதலும் அரிது. ஆதலின் அப்பணி எம்பால் வந்தது.

கையுறை அணிந்து அருகிற் சென்ற முதனாள் எம் விரல் நடுங்கிற்று. போர்க்களத்து நஞ்சின் வழிவந்தது என்று முன்னரே படித்திருந்தோம். அத்தையார் திரும்பாமலே, "மருமகளே, உறை மருந்துக்கு, எனக்கன்று" என்றனர். அச்சொல்லின் பொருள் பின்னர் நாளுக்கு நாள் விளங்கிற்று. காண வந்த உறவினருள் சிலர், கையுறையையும், தனியே வைத்த துவாலையையும், பூட்டிய அறையையும் கண்டு, நோய் தொற்றும் என்றே துணிந்தனர். ஒருவர் அத்தையார் நீட்டிய காபியைப் பெற்று வாயில் வையாமலே வைத்துச் சென்றனர். வேறொருவர், இது தொழுநோயோ என்று எம் அன்னையாரைத் தனியே அழைத்து வினவினர்.

அவ்வினாவிற்கும் ஒரு காரணம் உண்டு. இதே நோயின் ஒருவகை, கருநிறத்தாரிடத்தும் இளையோரிடத்தும் செந்திட்டாகாது வெளுத்த திட்டாகத் தோன்றும். அதனை நம் நாட்டிற் றொழுநோய் என்றோ வெண்புள்ளி என்றோ மயங்குதல் மருத்துவர் நூல்களிலும் குறிக்கப்பட்டுள்ளது. தொழுநோய்த் திட்டிற் பெரும்பாலும் உணர்ச்சி குன்றும், இதன்கண் குன்றாது, தோலைச் சோதித்தால் தெளிவு பிறக்கும். தொழுநோயும் இன்று மருந்தால் முற்றும் தீர்வதே. ஆயினும் நோயைப் பிரித்தறியுமுன் நோயாளியைப் பிரித்து வைத்தல் எம்மனோர் வழக்கமாகிவிட்டது. எம் அன்னையார் அவ்வுறவினரிடம் இவற்றையெல்லாம் விரித்துரைத்திலர். அத்தையார் வைத்துச் சென்ற அதே கிண்ணத்திற் காபி ஊற்றி அவர் முன்னிலையிற் றாம் பருகினர்.

இரண்டாம் வாரத்தில் முதுகின் ஒரு பகுதி சிவந்து கொப்புளித்தது. அத்தையார் தம் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் உரைத்து, அவர் சொற்படி மருந்தை நிறுத்தினர். ஆறிய பின்னர் மூன்று நாளுக்கொருமுறை எனத் தொடங்கினோம். பொறுத்தமை கண்டு ஒரு வாரங்கழித்து ஒன்றைவிட்டொருநாள் பூசினோம். விரைவுக்கு இம்மருந்தில் இடமில்லை. பயன் தெரியத் திங்கள் பல செல்லும். வேறு தோற்புற்றுக்கள் எழுகின்றனவா என்று இடையிடையே நோக்கவும் வேண்டும். ஆறு வார முடிவில் இரண்டு திட்டுக்கள் மங்கியிருந்தன. ஒன்று இருந்தபடியே இருந்தது.

பூசி உலரும் அப்பத்து நிமிடம் அத்தையார் அசையாது அமர்ந்திருப்பர். முதுகைத் தொடலாகாது, ஆடையும் படலாகாது. ஆச்சி ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னே வந்து அமர்ந்து, உறையில்லாத கையால் மகளின் தலையைக் கோதிவிடுவர். தலையிற் றிட்டு இல்லை, மருந்தும் இல்லை. யாவரும் உரையாடாதிருப்போம். முதுகிற் பூசியது எம் கையேயாயினும், உழைச்செல்வார் இருவர் என்றே யாம் கருதினோம்.

அத்தையார் மீண்டு சென்ற நாளில் ஒரு கேள்வி எம் இல்லத்தார் அனைவர்க்கும் எழுந்தது. அத்தையின் கணவனார் சில ஆண்டுகட்கு முன்னரே காலமானார். அவர் அங்கே தனித்து வாழ்பவர். மருத்துவர் உளர், மருந்தையும் அரசு தருகின்றது, முதுகிற் பூசுவார் யார்? முப்பதாண்டுக் காலம் முன்பின் அறியாதார்க்கு உழைச்செல்வாராய் நின்ற ஒருவர்க்கு, எட்டாத ஒரு சாண் இடத்திற் பூசுதற்கு ஒரு கை வேண்டியிருந்தது. அவரொடு முன்னர்ப் பணிபுரிந்த தோழியார் ஒருவர் மாலைதோறும் வந்து செல்வதாக இப்பொழுது எழுதியிருக்கின்றனர். அத்தோழியாரை யாம் கண்டதில்லை. எம் ஆச்சி அவர் பெயரைக் கேட்டறிந்து நாள்தோறும் தம் வேண்டுதலிற் சேர்த்துக்கொண்டனர்.

நம் கல்லூரியிற் பயில்வார் பலர் நாளை மருத்துவராவர். சிலர் புது மருந்து காண்பாராவர். யாவரும் அவ்விரண்டும் ஆதல் இயலாது. ஆயின் நோயுடையார் ஒருவர் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இல்லாதிரார். அவர் நோய் இன்னதென்று கேட்டறிந்து, அஞ்ச வேண்டுவதை அஞ்சி, அஞ்ச வேண்டாததை அஞ்சாது, குறித்த பொழுதில் சென்று நிற்றல் யாவர்க்கும் இயலும். மருந்தின் நான்காங் கூறு அவ்வாறு நம் ஒவ்வொருவர் கையினும் வைக்கப்பட்டுள்ளது.